‘என் பிள்ளைக்குக் காய்கறியே பிடிக்காது’ என்கிறீர்களே, எப்படி அளந்தீர்கள்?

பினாங்கில் எந்தப் பாலர் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. “என் மகன் காய்கறியைத் தொடவே மாட்டான்.” “எங்கள் வீட்டுப் பாப்பாவுக்கு வெள்ளைச் சோறு, கிச்சாப், பொரித்த முட்டை போதும், வேறெதுவும் இறங்காது.” ஒருவர், “பக்கத்து வீட்டுப் பிள்ளை பாகற்காய்கூடச் சாப்பிடுகிறது, எல்லாம் வளர்ப்புதான்” என்று எழுதிவிடுவார். அதோடு குழு இரண்டாகப் பிரியும். அப்புறம் ஆலோசனை மழை: அரைத்துக் கலந்து கொடு, பசிக்க விடு, தானாகச் சரியாகிவிடும், டாக்டரைப் பார்.

இவ்வளவு பேச்சிலும் ஒரு கேள்வி மட்டும் வருவதில்லை. பிடிக்காது என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? ஒரு நாள் துப்பியதை வைத்தா, தட்டில் மிஞ்சியதை வைத்தா, பிள்ளை வாய்விட்டுச் சொன்னதை வைத்தா? இவை மூன்றும் மூன்று வேறு விஷயங்களைக் காட்டுகின்றன. சிறு குழந்தைகளின் உணவு விருப்பத்தை அளப்பதற்கென்று முறைகள் இருக்கின்றன. அவற்றின் அடிப்படை எந்தப் பெற்றோருக்கும் புரியக்கூடியதுதான்.

## நாசி கண்டார் கடை வரிசையில்

பெரியவர்களிடமிருந்து தொடங்குவோம். ஜார்ஜ்டவுனில் மதிய நேரம், நாசி கண்டார் கடையில் வரிசையில் நிற்கிறீர்கள். நண்டுக் கறி என்றால் உங்களுக்கு உயிர். ஆனால் மாதக் கடைசி. விலையை நினைத்துப் பொரித்த கோழியைக் காட்டுகிறீர்கள். உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த பிறகு பார்த்தால், அதிகம் உள்ளே போனது கோழியும் இல்லை, குழம்பில் நனைந்த சோறு.

இப்போது ஒருவர் உங்களை அளக்க வந்தால் என்ன எழுதுவார்? எது பிடிக்கும் என்று கேட்டால் நண்டு. எதை எடுத்தீர்கள் என்று பார்த்தால் கோழி. எது எத்தனை கிராம் போனது என்று நிறுத்தால் சோறு. மூன்றும் உண்மை, மூன்றும் வேறு.

ஆய்வாளர்கள் இந்த மூன்றையும் பிரித்தே பேசுகிறார்கள். ஓர் உணவை வாயில் வைத்ததும் வரும் இன்பம் அல்லது வெறுப்பு ‘விருப்பம்’. இரண்டு மூன்று உணவுகளை முன்னால் வைத்தால் எதை எடுக்கிறோமோ அது ‘தேர்வு’. கடைசியில் எவ்வளவு சாப்பிட்டோம் என்பது ‘உண்ட அளவு’. இந்தக் கட்டுரை முழுவதும் இந்தச் சொற்களை இதே பொருளில்தான் பயன்படுத்துகிறேன்.

குழந்தைகளிடம் இந்த மூன்றும் இன்னும் தூரமாக விலகி நிற்கும். அவர்களுக்கு விலை தெரியாது, ஆனால் வேறு காரணங்கள் நிறைய உண்டு. பாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார், கைப்பேசியில் கார்ட்டூன் ஓடுகிறது, கீரையை முடித்தால் ஐஸ்கிரீம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐஸ்கிரீமுக்காகக் கீரையைக் காலி செய்த பிள்ளையின் உண்ட அளவு நூற்றுக்கு நூறு. விருப்பம் பற்றி அந்தத் தட்டு எதுவும் சொல்வதில்லை. சொல்லப்போனால் இந்தப் பேரம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச்சும் அவருடைய குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று பழக்கிய குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின்மீது இருந்த விருப்பம் குறைந்துபோனது.

இன்னொரு பழைய ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அடிக்கடி தவறாக மேற்கோள் காட்டப்படுகிறது. 1920களில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன் பல உணவுகளை வைத்து, அவர்கள் கைகாட்டியதை மட்டும் ஊட்டச் செய்தார். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். ‘பார்த்தீர்களா, உடம்புக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைக்கே தெரியும்’ என்று இதை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அங்கே வைக்கப்பட்டவை எல்லாம் எளிதாகச் சமைத்த இயற்கை உணவுகள். சர்க்கரை போட்ட பண்டம் எதுவும் அந்த மேசையில் இல்லை. சூட்சுமமே அந்த உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸ் பிறகு தாமே எழுதினார். தேர்வை அளக்கும்போது, எவற்றுக்கு நடுவே தேர்வு என்பதும் அளவின் ஒரு பகுதி. மைலோவும் கேரட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வரும் விடை ஒன்று, கேரட்டும் வெள்ளரியும் இருந்தால் வரும் விடை வேறு.

இதுவரை சுருக்கமாக: விருப்பம், தேர்வு, உண்ட அளவு மூன்றும் தனித்தனி. ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றைப் பற்றி முடிவு சொல்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

## பேச வராத வயதில்

கைக்குழந்தையிடம் கேள்வி கேட்க முடியாது, முகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஜேக்கப் ஸ்டைனர் என்ற ஆய்வாளர் 1970களில், பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகளின் நாக்கில் வெவ்வேறு சுவைக் கரைசல்களைத் துளித்துளியாக வைத்துப் பார்த்தார். இனிப்புக்கு முகம் தளர்ந்தது, உதட்டை நக்கினார்கள். புளிப்புக்கு உதடு குவிந்தது. கசப்புக்கு வாய் பிளந்து, வைத்ததை வெளியே தள்ளினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காத முகங்கள் இவை. இனிப்புக்கு நாட்டமும் கசப்புக்கு மறுப்பும் பிறவியிலேயே வருகின்றன என்பதற்கு வலுவான சான்று இது.

சரி, முகம் சுளித்தால் பிடிக்கவில்லை என்று எழுதிவிடலாமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வருகிறது. 2007இல் கேத்தரின் ஃபாரஸ்டெலும் ஜூலி மெனெல்லாவும் பச்சை பீன்ஸ் மசியலைக் கைக்குழந்தைகளுக்கு 8 நாள் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். நாட்கள் போகப் போகக் குழந்தைகள் சாப்பிட்ட அளவு கூடியது. ஆனால் பீன்ஸ் மட்டும் சாப்பிட்ட குழந்தைகளின் முகச்சுளிப்பு அவ்வளவாகக் குறையவில்லை! புருவத்தைச் சுருக்கிக்கொண்டே, மூக்கைச் சுழித்துக்கொண்டே, இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். பக்கத்திலிருந்த தாய்மார் சுளித்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், பிள்ளை முன்னைவிட ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கவனிக்கவில்லை.

நம் வீடுகளில் அந்த முதல் சுளிப்போடு கிண்ணம் சமையலறைக்குத் திரும்பிப் போய்விடுகிறது. பிள்ளையின் முகத்தோடு அம்மாவின் முகமும் சேர்ந்து கதை சொல்கிறது என்பதும் ஒரு சிக்கல். தமக்கே பிடிக்காத பாகற்காயை ஊட்டும்போது நாம் எப்படிப்பட்ட முகத்தோடு ஊட்டுகிறோம் என்று கண்ணாடியில் பார்த்தால் தெரியும். இதனால்தான் இத்தகைய ஆய்வுகள் சிலவற்றில் ஊட்டும் தாய் முகத்தை மறைத்துக்கொண்டு, பேசாமல் ஊட்ட வேண்டும் என்று விதி வைக்கிறார்கள்.

## மூன்று முகங்களும் சில கிண்ணங்களும்

பெரியவர்களின் விருப்பத்தை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் கருவி ஒன்பது படி அளவுகோல். ‘மிக மிகப் பிடித்திருக்கிறது’ என்பதில் தொடங்கி, நடுவில் ‘பிடித்தும் இல்லை, பிடிக்காமலும் இல்லை’ என்று வந்து, ‘மிக மிகப் பிடிக்கவில்லை’ வரை போகும். அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு எந்த உணவு பிடிக்கிறது என்று அறிய 1940களின் கடைசியில் தொடங்கி உருவாக்கியது. நான்கு வயதுப் பிள்ளையிடம் இதை நீட்டினால் காகிதத்தில் படம் வரைந்து தரும். ‘மிகவும்’, ‘ஓரளவு’, ‘சற்றே’ என்பவற்றுக்கு நடுவே உள்ள வித்தியாசம் அந்த வயதில் பிடிபடாது.

பர்ச் 1970களின் கடைசியில் பாலர் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் பயன்படுத்திய முறை இதைவிட மிக எளிது. மூன்று முகப் படங்கள்: ஒன்று சிரிக்கிறது, ஒன்று சும்மா இருக்கிறது, ஒன்று முகத்தைச் சுளிக்கிறது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் உணவு. குழந்தை ஒவ்வொன்றையும் ருசி பார்த்துவிட்டு, அந்தக் கிண்ணத்தை எந்த முகத்தின் முன் வைப்பது என்று முடிவு செய்யும். எல்லாம் முடிந்ததும், சிரிக்கும் முகத்தின் முன் இருப்பவற்றில் “எது ரொம்பப் பிடிச்சது?” என்ற கேள்வி. குழந்தை காட்டுவதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சமுள்ளதில் மறுபடி அதே கேள்வி. அப்படியே மற்ற முகங்களுக்கும். கடைசியில் எல்லா உணவுகளும் ஒரு வரிசையில் வந்து நின்றுவிடும்.

இதில் குழந்தை ஒரு நேரத்தில் ஒரு சின்ன முடிவை மட்டும் எடுக்கிறது. கையால் கிண்ணத்தை நகர்த்துகிறது, அதனால் பேச்சுத் திறமை அவ்வளவாக வேண்டியதில்லை. முக்கியமாக, அந்த நிமிடமே ருசி பார்த்துவிட்டுச் சொல்கிறது, நினைவிலிருந்து சொல்வதில்லை. இப்படிக் கிடைத்த வரிசையும், பிறகு விருப்பம்போல் சாப்பிட விட்டபோது குழந்தைகள் சாப்பிட்ட அளவும் நன்றாகவே ஒத்துப்போயின. குழந்தைகள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், அவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்ற எண்ணத்தை இது அசைத்தது. பழங்களை வைத்துச் செய்த மற்றோர் ஆய்வில், குழந்தைகளின் வரிசைக்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் இரண்டே விஷயங்கள்: எவ்வளவு இனிப்பு, எவ்வளவு பழக்கம்.

மூன்று முகமும் புரியாத இரண்டு, மூன்று வயதில் ‘இணை ஒப்பீடு’ செய்வார்கள். இரண்டு கிண்ணம், இரண்டையும் ருசி பார், எது வேண்டும்? அவ்வளவுதான். மெனெல்லாவின் ஆய்வுக்குழு இதையே ஒரு விளையாட்டாக்கியது. செசமி ஸ்ட்ரீட் தொலைக்காட்சித் தொடரில் வரும் பொம்மைகளைக் கொண்டுவந்து, பிடித்தால் பிக் பேர்டுக்குக் கொடு, பிடிக்காவிட்டால் குப்பைத்தொட்டியில் வாழும் ஆஸ்கருக்குக் கொடு, அவன் தூக்கிப் போட்டுவிடுவான் என்றார்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லப் பிள்ளைக்கு இருக்கும் தயக்கம் அங்கே கரைந்துவிடுகிறது. ஐந்து வயதுக்கு மேல் முகங்களை ஐந்தாக, ஏழாகக் கூட்டலாம். எட்டு வயதை ஒட்டி ஒன்பது படிக்கே வந்துவிடலாம்.

சுருக்கமாக: கைக்குழந்தையிடம் முகமும் அளவும், இரண்டு மூன்று வயதில் இரண்டில் ஒன்று, நான்கைந்தில் மூன்று முகமும் வரிசையும்.

## அளவு வழுக்கும் இடங்கள்

கருவி எளிது, பயன்படுத்துவதுதான் கஷ்டம். “நல்லா இருக்கா பாப்பா?” என்று கேட்டால் இரண்டு வயதுப் பிள்ளை பெரும்பாலும் “ம்ம்” என்றுதான் சொல்லும். ஆமாம், இல்லை என்று விடை வரும் கேள்விகளுக்கு ஆமாம் பக்கம் சாய்வது அந்த வயதின் இயல்பு. அதனால் “நல்லா இருக்கா, நல்லா இல்லையா?” என்று மாற்றிக் கேட்டால், கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. கேள்வியைக் குறைத்து, வை, கொடு, காட்டு என்று செயலாக மாற்றுவதற்கு இதுதான் காரணம். மொழியும் கவனிக்க வேண்டியது. பாலர் பள்ளியில் ஆசிரியை “சேடாப்?” (ருசியா இருக்கா?) என்று மலாயில் கேட்டால் ஒரு தலையாட்டல் வரும். வீட்டில் பாட்டியிடம் பேசும் தமிழில் கேட்டால் பிள்ளை ஒரு முழுக் கதையே சொல்லக்கூடும்.

முகப் படங்களிலும் வம்பு உண்டு. சிரிக்கிற முகம் அழகாக இருக்கிறது என்பதற்காகவே எல்லாக் கிண்ணத்தையும் அங்கே வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுளித்த முகத்தைப் பார்த்து, “இந்த மாமாவுக்குக் கோபம்” என்று பயப்படுவதும் உண்டு. ஆகவே உணவைத் தொடங்குமுன் தெரிந்த விஷயங்களை வைத்துப் பழக்க வேண்டும்: பிறந்தநாள் கேக் எந்த முகத்துக்கு, கசப்பு மருந்து எந்த முகத்துக்கு? இதற்குச் சரியாக வைக்காத பிள்ளையிடம் மேலே போவதில் அர்த்தமில்லை. நடுவில் ஒரே உணவை வேறு கிண்ணத்தில் இரண்டாம் முறை கொடுப்பதும் ஒரு நல்ல சோதனை. முதலில் சிரிப்பு, இப்போது சுளிப்பு என்றால் அன்றைய விடைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பக்கத்துப் பிள்ளை இன்னொரு பெரிய காரணம். ஒரே மேசையில் ஒருவன் வெண்டைக்காயைப் பார்த்து “ஐயே, வழவழன்னு இருக்கு” என்றால் போதும், மேசை முழுக்க அதே பாட்டு. இது நேர்மாறாகவும் நடக்கும். பர்ச்சின் 1980ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு காயை விரும்பாத குழந்தையை, அந்தக் காயை விரும்பும் குழந்தைகளோடு சில நாள் மதிய உணவுக்கு உட்கார வைத்தார்கள். அந்தக் குழந்தை அதையே தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. அளக்கும்போது ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைப்பது அதனால்தான்.

உறை செய்யும் வேலையைக் கேட்டால் பெற்றோர் பலருக்குக் கோபம் வரும். தாமஸ் ராபின்சன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மெக்டொனால்ட்ஸ் உறையிலும் மற்றதை வெற்று உறையிலும் கொடுத்தார்கள். உறையில் பெயர் இருந்ததே சுவையாக இருக்கிறது என்ற விடைதான் அதிகம் வந்தது, கேரட்டுக்கும் பாலுக்கும்கூட. ஆகவே கிண்ணம், அளவு, நிறம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கொடுக்கும் வரிசையைப் பிள்ளைக்குப் பிள்ளை மாற்ற வேண்டும். இனிப்புக்குப் பின்னால் வரும் எதுவும் பாவம், நடுவில் ஒரு வாய்த் தண்ணீர் வேண்டும்.

வயிறும் கணக்கில் வரும். ஓர் உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் சுவை மட்டும் மங்கி, மற்ற உணவுகள் கவர்ச்சியாகவே இருப்பதை பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981இல் காட்டினார்கள். இதைத் ‘திகட்டல்’ என்றே சொல்லலாம். காலையில் இட்லி சாப்பிட்டு வந்த பிள்ளையிடம் பத்து மணிக்கு இட்லியை வைத்து அளந்தால் திகட்டலைத்தான் அளக்கிறீர்கள்.

## பெற்றோரையே கேட்டால் போதாதா?

பெரிய கணக்கெடுப்புகளில் வேறு வழியில்லை, பெற்றோர் நிரப்பும் படிவங்கள்தான். அவற்றில் பயன் உண்டு. ஆனால் பெற்றோர் தருவது, பிள்ளையின் நாக்கும் வீட்டு நிலவரமும் தங்கள் கவலையும் கலந்த கணக்கு. ஜீன் ஸ்கின்னர் குழுவினர் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் தெரிந்தது. தாய்க்குப் பிடிக்காத உணவுகள் பெரும்பாலும் பிள்ளையின் தட்டுக்கே வருவதில்லை. ஆகவே நல்ல படிவத்தில் ‘பிடிக்கும்’, ‘பிடிக்காது’ என்பவற்றோடு ‘இதுவரை சாப்பிட்டதில்லை’ என்ற கட்டமும் இருக்கும். அந்தக் கட்டம் இல்லாத கணக்கெடுப்பு எதையும் நான் நம்புவதில்லை.

‘காய்கறி பிடிக்குமா?’ என்று மொத்தமாகக் கேட்பதும் பயனற்றது. சாம்பாரில் வெந்து குழைந்த வெண்டைக்காயும் மொறுமொறுவென்று பொரித்த வெண்டைக்காயும் ஒரு பிள்ளைக்கு இரண்டு உணவுகள். பல மறுப்புகளில் சுவையைவிடப் பதம்தான் குற்றவாளி. பெலாச்சான் என்ற இறால் விழுது போட்ட கங்குங் கீரை, பருப்புக் கூட்டுக் கீரை, இரண்டையும் ஒரே ‘கீரை’க் கட்டத்தில் அடைத்துவிட்டால் என்ன தெரியப் போகிறது?

இன்னொரு சொல் இங்கே தேவை: ‘புதிய உணவு அச்சம்’. அறிமுகமில்லாத உணவை ருசி பார்க்காமலேயே மறுப்பது. ஏறத்தாழ இரண்டு வயதில் தலைதூக்கி, பள்ளி வயதில் மெல்லத் தணிகிற இயல்பு இது. ஒரு வயதில் எல்லாவற்றையும் தின்ற பிள்ளை இரண்டு வயதில் திடீரென்று மாறிவிட்டதே என்று அம்மாக்கள் அதிர்வது இதனால்தான். ருசி பார்த்துவிட்டு மறுப்பது விருப்பம் பற்றிய தகவல். பார்த்தவுடன் மறுப்பது அச்சம் பற்றிய தகவல். இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

அச்சம் பழக்கத்தில் குறையும். பர்ச்சும் மார்லினும் 1982இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புது உணவுகளைச் சிலவற்றை 2 முறையும் சிலவற்றை 20 முறை வரையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். எத்தனை முறை ருசி பார்த்தார்களோ அந்த அளவுக்கு நாட்டம் கூடியது. வெறுமனே கண்ணில் காட்டுவது போதாது, நாக்கில் பட வேண்டும் என்பதும் பிந்திய ஆய்வில் தெரிந்தது. 8 முதல் 15 முறை வரை ஆகலாம் என்று வல்லுநர்கள் சொல்வார்கள். அமெரிக்கப் பெற்றோரிடம் நடந்த ஒரு கணக்கெடுப்பில், பெரும்பாலோர் 3 முதல் 5 முறைக்குள் ‘இவனுக்கு இது பிடிக்காது’ என்று முடிவுகட்டியிருந்தார்கள். நம் வீடுகளிலும் பொறுமை அதைவிட நீளம் என்று நான் நினைக்கவில்லை.

## வீட்டில் செய்து பார்ப்பதானால்

மூன்று முகங்களை அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். ஒரே மாதிரிக் குட்டிக் கிண்ணங்கள் நான்கு, ஒவ்வொன்றிலும் ஒரு வாய்க்கு மேல் வேண்டாம். பிள்ளைக்கு மிதமான பசி இருக்கும் முற்பகல் நேரம் நல்லது. அண்ணன் தங்கை யாரும் பக்கத்தில் வேண்டாம், தொலைக்காட்சியும் வேண்டாம். துப்புவதற்கு ஒரு டிஷ்யூ கொடுத்து, துப்பலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். துப்ப அனுமதி இருந்தால்தான் வாயில் வைக்கத் துணிவு வரும். கடலை, முழுத் திராட்சை போன்று தொண்டையில் அடைக்கக்கூடியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேன் வார்டல் குழுவினர் லண்டனில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில் பெற்றோர் செய்தது இதுதான்: பிள்ளை விரும்பாத ஒரு காயைத் தேர்ந்து, 14 நாள், தினம் ஒரு சிறு துண்டு ருசி பார்க்கச் சொன்னார்கள். 2 முதல் 6 வயது வரையுள்ள அந்தக் குழந்தைகளிடம் விருப்பமும் உண்ட அளவும் கூடின. முதல் நாளும் கடைசி நாளும் முக அட்டையை வைத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு இருந்தால் சாப்பாட்டு வேளையில் கிண்ணத்தை முன்னும் பின்னும் நிறுத்து எழுதுங்கள். முகம் மாறாமல் கிராம் மட்டும் கூடலாம், அதுவும் முன்னேற்றம்தான். இரண்டுமே அசையாத பிள்ளையும் இருக்கும். கசப்பை உணரும் மரபணு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்குக்கூட வேறுபடலாம். அண்ணனுக்குச் சாதாரணமாக இருக்கும் கசப்பு தம்பிக்கு உண்மையிலேயே அதிகமாக இருக்கலாம்.

இந்த அட்டையும் தராசும் உதவாத இடம் ஒன்று உண்டு. பிள்ளையின் எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, விழுங்கும்போது இருமிப் புரையேறினாலோ, எல்லா வகைக் கெட்டி உணவுக்கும் குமட்டினாலோ, நேற்றுவரை சாப்பிட்ட உணவுகளும் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டே வந்தாலோ, அது பிடிக்கும் பிடிக்காது என்ற கேள்வி அல்ல. வளர்ச்சி வரைபடம் உள்ள சுகாதாரப் புத்தகத்தையும், பிள்ளை இப்போது என்னென்ன சாப்பிடுகிறது என்று எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.